எங்கள் லேபின் முதல் நாள்: வாசல் முழுக்கச் செருப்பு!

இன்று காலை எங்கள் லேபின் வாசலில்...

ஒரு குவியல் செருப்பு!

கூட்டம் வந்துவிட்டது என்று முதலில் குதித்தேன். அடுத்த நொடியே தலையில் கை வைத்துக்கொண்டேன்.

தாராவியில் நானும் ஃபாத்திமாவும் சேர்ந்து ரத்தப் பரிசோதனை லேப் திறந்திருக்கிறோம் நண்பர்களே! (ஆமாம், இரண்டு பெண்கள். ஆமாம், தாராவியில்தான். கல்யாணம் எப்போது என்று கேட்பவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.)

இடம் சின்னது. ஆனால் பாதுகாப்பில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ரத்தம் எடுக்கும் அறை தனி, மெஷின் அறை தனி. உள்ளேயே கை கழுவ சிங்க். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கவே முடியாத டப்பா, கை எட்டும் உயரத்தில். ஃப்ரிட்ஜில் சாம்பிள் மட்டும், யாருடைய இட்லி மாவும் கிடையாது. இடுக்கே இல்லாத தரை.

வேலை செய்த கான்ட்ராக்டர் சிரித்தான். "யே தாராவி ஹை மேடம், மாட்டுங்கா நஹீ!" (மாட்டுங்கா, பக்கத்தில் இருக்கும் வசதியானவர்கள் ஏரியா.)

"ஏன், மாட்டுங்காக்காரனுக்கு ஊசி குத்துனாத்தான் வலிக்குமா?" என்று தமிழிலேயே திட்டினேன். (புரிந்தது. திட்டு எந்த மொழியிலும் புரியும்.)

எங்கள் முக்கியமான ரூல்: வெறுங்காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது. கண்ணாடித் துண்டு, ஊசி முனை, ஒரு சொட்டு ரத்தம்... எது வேண்டுமானாலும் தரையில் விழலாம்.

அப்புறம் ஏன் வாசலில் செருப்புக் குவியல்?

நேற்று திறப்பு விழா. என் அம்மா பிடிவாதமாக ரிசப்ஷனில் ஒரு சாமி படம் மாட்டி, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தினார். (ஃபாத்திமாவின் அம்மா குர்லாவிலிருந்து பிரியாணியோடு வந்தார். மதங்கள் சமாதானமாயின.) படத்தை எடுக்க மறந்துவிட்டோம்.

நம் ஆட்களுக்கு அது போதாதா? வரிசையாக வெறுங்கால்கள்!

படத்தை ஆபீஸ் அலமாரிக்கு மாற்றினோம். செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னதும் எல்லாரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

செல்லத்துரை மாமாவைத் தவிர.

பக்கத்துச் சந்தில் முறுக்குக் கம்பெனி வைத்திருப்பவர். (சொந்த மாமா இல்லை. எங்கள் சந்தில் எல்லாருக்கும் மாமா.) சுகர் முற்றி, பாதத்தில் உணர்ச்சியே குறைந்துபோனவர். ஆணி ஏறினாலும் தெரியாது. வலது காலில் ஆறாத புண். சுகர் அளவு தெரியாமல் மருந்து மாற்ற முடியாது, தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் வாரக்கணக்கில் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றுதான் அவர் மனைவி லட்சுமி அத்தை வெறும் வயிற்றோடு இழுத்து வந்திருந்தார். இன்று விட்டால் ஆள் சிக்க மாட்டார்.

"மாமா, செருப்பப் போட்டுட்டு வாங்க."

"எதுக்குட்டி? மெஷினு இருக்க எடத்துக்குச் செருப்போட வந்தா வெளங்குமா?"

"சாமி படத்த எடுத்தாச்சு மாமா."

"படத்த எடுத்தா சாமி போயிருமாக்கும்?"

(லாஜிக்!)

ஃபாத்திமா ஒரு புது ரப்பர் செருப்பை நீட்டினாள். "இது லேப் செருப்பு மாமா. வெளிய போகாதது, சுத்தமா இருக்கு."

"செருப்பு செருப்புதானம்மா."

அத்தை வாசலிலிருந்தே கத்தினார். "அந்த மனுசன் அப்படித்தாம்ட்டி! பேங்குக்குப் போனாலும் வாசல்ல கழத்திருவாரு. அந்தச் செருப்ப எவனோ களவாண்டுட்டுப் போய்ட்டான். வீடு வரைக்கும் வெறுங்காலு! அப்பம் குத்துனதுதான் இந்தப் புண்ணு."

"பேங்குல எந்த சாமி மாமா இருக்கு?"

மாமா சிரித்தார். பிறகு, முறுக்குக்கு விலை சொல்வதுபோல அலட்டாமல் சொன்னார்:

"ஊர்ல அந்தத் தெருவுக்குள்ள நாங்க செருப்பக் கக்கத்துல வச்சுக்கிட்டுதான் போவணும். டாக்டரு வீடும் அங்கதான். காய்ச்சல் அடிச்சாலும் வெளியதான் நிக்கணும். இப்பமும் படிச்ச ஆளுக இருக்க எடத்தப் பாத்தா காலு தன்னால கழத்திருது. நான் என்ன செய்ய?"



எனக்கு வந்த கோபத்தில் மெஷினில் சுற்றாமலே என் ரத்தம் தனித்தனியாகப் பிரிந்திருக்கும்! பம்பாய்க்கு வந்து, முறுக்கு அடுப்பு நெருப்பில் நின்று, பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர். அந்தக் கேடுகெட்ட தெரு இன்னும் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கத்தியேவிட்டேன்.

"மாமா, இது நம்ம லேப்! இங்க செருப்பக் கழத்துனவங்கதான் வெளிய நிக்கணும்!"

"நெசமாவா?"

"ரூல் மாமா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். அந்தத் தெரு டாக்டரே வந்தாலும்."

 மாமாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு! தன் செருப்பை மாட்டினார். ரிசப்ஷனைத் தாண்டி, சட் சட்டென்று வேண்டுமென்றே சத்தம் வர நடந்தார். ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

ஃபாத்திமா ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிட்டாள்.

சுகர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. ரிப்போர்ட் போனதும் டாக்டர் அத்தைக்குப் போன் போட்டார்: மருந்தை மாற்றிவிட்டார், ஒழுங்காகச் சாப்பிட்டால் கால் தப்பிவிடும்! அத்தை அழுதுகொண்டே மாமாவை முதுகில் ஒன்று போட்டார்.

மாமா வீட்டுக்குப் போகவில்லை. வெளியே படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

அப்போது டை கட்டிய மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். பளபளக்கும் ஷூ. அத்தனை சுத்தமான தரையைப் பார்த்ததும் குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏ சார்!" மாமாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "ஜூத்தா மத் நிகாலோ! கழத்துனா வெளியதான் நிக்கணும்! இங்க அப்படித்தான்!"

அவிழ்ந்த லேஸோடு உள்ளே ஓடினார் மனிதர்!

இப்போது சொல்லுங்கள் மக்களே. கோயில், மசூதியை விடுங்கள். உங்கள் கால் இன்னும் எந்த வாசலில் தானாகச் செருப்பைக் கழற்றுகிறது?