வாசலுக்கு வந்த காலேஜ் பஸ்

சனிக்கிழமை மாலை நாலே கால் மணி. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு மனைவியின் அண்ணன் வந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு தொடங்கியது.

என் மகள் சமூகப்பணி முதுகலை படித்தவள். அரசு உதவி பெறும் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்தும், வாசலுக்கே பஸ் வரும் என்பதற்காக வங்கிக் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்த்தவன் நான்தான். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் பதினாலாயிரம், கடன் தவணை ஒன்பதாயிரம்.

"எம்புட்டுப் படிச்சு என்ன மாப்ள, மிஞ்சுறது ஐயாயிரந்தான?" என்று மச்சான் சிரித்தார்.

"ஊருக்குச் சேவை, வீட்டுக்குக் கடன்" என்று நானும் சிரித்தேன்.

உள்ளேயிருந்து கேட்ட மகள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். போனையும் அணைத்துவிட்டாள். பஸ் நிலையம், கோயில் வாசல், ரயிலடி என்று தேடினேன்.

இப்போது யார் யோசனை கேட்டாலும், அந்தப் படிப்புக்கு முதல் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டுக் கடன் வாங்கச் சொல்கிறேன். தப்புக் கணக்குப் போட்டது நாம் என்றால், அதைப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளவும் சொல்கிறேன். நான் அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று ஏழு மணிக்கு அவளே வீட்டுக்கு வந்தாள்.

"வேலைய விடுறேன்னு இல்லத்துல சொல்லிட்டு வாரேன்ப்பா. ஒண்ணாந்தேதியிலருந்து ஜவுளிக்கடையில பில் போடப் போறேன். இப்ப வாங்குறத விட ஏழாயிரம் கூடத் தாராக. கடன் சீக்கிரம் அடஞ்சிரும்" என்றாள்.