ஆர்வித் தோர்சனுக்கு ஒரு நாள்

என் தங்கை புருஷன் ஆர்வித் தோர்சன் பன்னிரண்டு வருஷம் பேஸ்பால் ஆடிச் சம்பாதித்தவன். அதில் நாட்டின் முதல்தர அணிகள் ஆடும் பெரிய லீக்கில் இருந்தது நாற்பத்தொரு நாள். களத்தில் இறங்கியது, தாராளமாகச் சொன்னாலும், நாலு நிமிஷம். பந்து வீசுபவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பது அவன் வேலை. பந்து பட்டுப் பட்டு உடைந்து, வலது கை விரல்கள் ஐந்தும் ஐந்து திசை பார்க்கும்.

1938 கோடையில் சிகாகோவிலிருந்து ஓர் அணி அவனை அழைத்தது. ஏற்கெனவே அங்கே பந்து பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். இவன் மூன்றாவது ஆள். உட்கார்ந்தே பெஞ்சைத் தேய்த்தான். அதற்கெல்லாம் எங்கள் ஊர் அசருமா? அந்த நாளில் சொந்த ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய், ஆட்டம் தொடங்குமுன் தங்கள் ஆளை நடுக்களத்தில் நிறுத்திப் பரிசு கொடுத்துவிட்டு வருவார்கள். நாங்களும் 'ஆர்வித் நாள்' கொண்டாட மூன்று ரயில் பெட்டிகளை வாடகைக்குப் பிடித்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பித்தளை வாத்தியக் குழு, என் பண்ணையில் செய்த வண்டிச் சக்கரம் அளவு பாலாடைக்கட்டி, ஒரு கன்றுக்குட்டி. யோசனை என்னுடையதுதான், பாவமும் என்னையே சேரும்.

மைதான வாசலில் ஆர்வித் என்னைத் தனியே இழுத்தான்.

"மச்சான், என்னைத் தூக்கிட்டாங்க. காலையிலதான் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். சின்ன லீக்ல கூட எடம் இல்லையாம். மொத்தமா வீட்டுக்குப் போன்னுட்டார்."

நான் கன்றுக்குட்டிக் கயிற்றோடு நின்றேன். "இப்ப சொல்றியே மாப்ளே! ஊரே வந்திருக்குடா!"

"அதனாலதான் கெஞ்சி, இன்னைக்கு ஒருநாள் சட்டையைப் போட்டுக்கிட்டேன். இவங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? வெக்கமா இருக்கு மச்சான். நீ வாயத் தொறந்துடாதே."

திறக்கவில்லை. எங்கள் பாதிரியார் களத்தில் நின்று, இவன் இன்னும் பத்து வருஷம் இங்கே கொடிகட்டிப் பறப்பான் என்று இருபது நிமிஷம் பேசினார். ஆர்வித் சிரித்தபடியே நின்றான். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்று வந்தபோது அவன் அணி ஒன்பது ஓட்டம் பின்தங்கியிருந்தது. தபால் ஆபீஸ் இங்கா அக்கா எழுந்து நின்றாள்.

"யோவ் மேனேஜரு! எங்க பையன எறக்குய்யா! அஞ்சு மணி நேரம் ரயில்ல வந்தது உன் மூஞ்சியப் பாக்கவா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மட்டையை எடு என்று ஆர்வித்துக்குக் கை காட்டினார்.

முதல் பந்தே விலாவில் விழுந்தது. பந்து மேலே பட்டால் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகலாம். போனான், விலாவைத் தேய்த்துக்கொண்டே. அவன் பந்தை மதிலுக்கு அப்பால் அடித்துவிட்ட மாதிரி எங்கள் ஆட்கள் குதித்தார்கள். அடுத்தவன் மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது. அடிபட்டுத் தளத்துக்குப் போனால், புள்ளிவிவரத்தில் அவன் மட்டை பிடித்ததாகக்கூடச் சேராது.

சாயங்காலம் ரயில் நிலையத்தில், வழியனுப்ப வந்தவனைக் கட்டிப்பிடித்து எல்லோரும் விடைபெற்றார்கள். கடைசியில் தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் ரயிலில் ஏறினான்.

"நீ எங்கடா வரே?" என்றாள் இங்கா அக்கா.

ஆர்வித் தொப்பியைக் கழற்றினான். "என்னை அனுப்பிட்டாங்கக்கா. காலையிலேயே. சொல்ல வாய் வரல. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

ரயில் நகர்ந்தது. பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார். வாத்தியக்காரர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"அப்போ," என்றாள் இங்கா அக்கா, "ஞாயித்துக்கிழமை நம்ம டீமுக்கு நீ பந்து பிடிப்பியா?"

"பிடிக்கலாம்... நீங்க சேத்துக்கிட்டா."

அவன் போனதிலிருந்து ஊர் அணிக்குப் பந்து பிடித்தவன் நான். பத்து ஆட்டம் ஆடினால் ஒன்பது தோல்வி. ரயில் பெட்டிக்குள் அப்போது எழுந்த மாதிரிச் சத்தம் மைதானத்தில்கூட எழவில்லை. தொப்பிகள் பறந்தன. எவனோ என் முதுகில் தட்டி, "இனிமே நீ சீஸ் செய்யப் போலாம்பா!" என்றான். கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன், சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்த ஆர்வித் அப்போதுதான் அழுதான். என் தங்கை சிக்ரிட் அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லா அழுதுக்கோ," என்றாள். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் ரெண்டு மணிக்கு."