இரண்டாவது பூங்காவுக்கு நூற்றுப்பத்துக் குரோணர்

வெள்ளிக்கிழமை, காலை 6.40. எங்கள் ஊர் விமான நிலையத்தில் ஒரு கூடமும் ஒரு கோப்பி இயந்திரமும்தான் உண்டு. போட்ஸ்ஃபியோர்ட் நோர்வேயின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. அதற்கு அப்பால் கடல்தான். 2006 ஜூன் மாதத்தின் கடைசிக் கிழமை என்பதால் இரவு முழுவதும் சூரியன் மறையவில்லை. இங்கே மீன் தொழிற்சாலையில் முள் எடுக்கும் மேசையில் நிற்பவன் நான். மன்னாரிலிருந்து வந்து பதினாறு வருடம். தங்கச்சிமார் மூவருக்கும் கலியாணம் முடிந்து நிமிர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இப்போது நாற்பத்துமூன்று.

இந்தப் பயணம் ஒரு களியாட்டப் பூங்காவுக்கு. பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒஸ்லோவில் யசிந்தா என்று ஒருவர் இருக்கிறார். கணவர் நோயில் இறந்து நாலு வருடம். பாலர் பள்ளியில் வேலை. எட்டு மாதமாக நாங்கள் தொலைபேசியில் கதைத்து வருகிறோம், நேரில் இரண்டு முறை சந்தித்திருக்கிறோம். அவருடைய மகள் அனிற்றாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளை நான் இன்னும் பார்த்ததில்லை.

"வீட்டிலை முகத்தை முகம் பாத்துக்கொண்டு இருந்தால் அவள் வாயே திறக்க மாட்டாள். எங்கையாவது வெளியிலை போவம்," என்று யசிந்தா சொல்லியிருந்தார். பிறகு, "அவளுக்குப் பிடிக்கேல்லை எண்டால் நான் வற்புறுத்த மாட்டன். நீங்களும் கோவிக்கக் கூடாது" என்றார். நான் ஓம் என்றேன்.

சின்ன விமானத்தில் கீர்க்கனெஸ், அங்கிருந்து பெரிய விமானத்தில் இரண்டு மணி நேரம் தெற்கே. கார்டர்மூன் விமான நிலையத்திலிருந்து ஒஸ்லோ நகரம் ஐம்பது கிலோமீற்றர் வரும். பளபளப்பான வேக ரயிலுக்கு 160 குரோணர் கேட்கிறார்கள். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் போகிறது, ஏறக்குறையப் பாதி விலை. பத்து நிமிடம்தான் கூடுதலாகும். முதன்முறை வருபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மாலை 5 மணி. ட்வெய்ட்டாவில் என் நண்பன் குணத்தின் வீடு. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி யசிந்தாவோடு ஒரே பாலர் பள்ளியில் வேலை செய்கிறார். எங்களை அறிமுகப்படுத்தியதும் அவர்தான். மேசையில் பூங்காக்களின் விளம்பரத் தாள் கிடந்தது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பூங்காக்கள். ஒன்றில் ராட்டினங்கள், ரோலர் கோஸ்டர்கள். மற்றது நீர்ச்சறுக்குகள் உள்ள பூங்கா. இரண்டும் நகருக்கு வெளியே, ஒவ்வொன்றும் ஒரு திசையில். முதலாவதுக்கு மட்டும் 280 குரோணர். இரண்டுக்கும் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு, 390.

"ரெண்டையும் எடு," என்றான் குணம். "ஒரு நாளிலை ஒரு பிள்ளையை என்னெண்டு அறியிறது?"

அவன் மனைவி மறுத்தார். "வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு உங்களைப் பிடிக்கேல்லை எண்டால் அது ஞாயிற்றுக்கிழமையும் உங்களோடை இழுபட வேணும். காசு கட்டியாச்சு, வா எண்டு தாயும் சொல்ல வேண்டிவரும். பாவம்."

இரண்டும் சரியாகத்தான் பட்டது. குணம் தன் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றும், பஸ் ஓட்டுநர் பயிற்சிச் செலவை அவர்களே கொடுக்கிறார்கள் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

சனிக்கிழமை, காலை 9.15. மத்திய பஸ் நிலையம். தாங்கள் குடியிருக்கும் குரோருட்டிலிருந்து சுரங்க ரயிலில் இருவரும் வந்திருந்தார்கள். யசிந்தா கையில் ஒரு பெரிய பை. அனிற்றா தாயைவிட உயரம், தலையில் தொப்பி. "வணக்கம் அங்கிள்" என்றாள்.  பஸ்ஸில் அரைமணி நேரமும் தாயிடம் மட்டும் நோர்வீஜிய மொழியில், மெல்லிய குரலில், ஏதோ கேட்டுக்கொண்டு வந்தாள். "பிறகு, பிறகு" என்று யசிந்தா தமிழில் பதில் சொன்னார்.

10.10. சீட்டு வாங்கும் யன்னல். முன்னால் ஏழெட்டுக் குடும்பங்கள். விலைப்பலகையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிலையை என்னவென்று சொல்வது? இரண்டு பூங்காச் சீட்டை எடுத்தால், நாளையும் என்னோடுதான் என்று அந்தப் பிள்ளையின் தலையில் கட்டுகிறேன். ஒன்றை மட்டும் எடுத்தால், நூற்றுப்பத்துக் குரோணருக்குக் கணக்குப் பார்ப்பவன், அல்லது இன்னொரு நாள் இவர்களோடு இருக்க விருப்பமில்லாதவன். யசிந்தா விலைப்பலகையைப் பார்க்கவே இல்லை. சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். அனிற்றா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யன்னலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: இன்று ஒன்றுக்கு எடுத்துவிட்டு, பிறகு மனம் மாறினால்?

"மாலை ஆறு மணிக்கு முன் இந்தச் சீட்டைக் காட்டி வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும்," என்றாள். கூடுதல் கட்டணம் ஏதும் இல்லை. இது விளம்பரத் தாளில் எங்குமே இல்லாத செய்தி. இப்படியான இடங்களுக்குப் போகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். ஒரு பூங்காவுக்கு மூன்று சீட்டுகள், 840 குரோணர். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆனால் பாதிதான்.

பூங்கா ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. பைன் மரங்களுக்கு நடுவே மரத்தால் கட்டிய பெரிய ரோலர் கோஸ்டர். கீழிருந்து பார்த்தால் பலகை அடிக்காமல் விட்ட மரக்கப்பல் மாதிரி. வண்டி இறங்கும்போது மரம் முழுவதும் முனகுகிறது. யசிந்தா அதைப் பார்த்ததும் ஒரு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "நான் பைகளைப் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ."

அனிற்றா தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "வாறீங்களோ?" என்றாள்.

11.30. வரிசையின் வாசலில் ஐம்பது நிமிடம் என்று பலகை எழுதியிருந்தது. வளைந்து வளைந்து போகும் மரத்தடுப்புகளுக்குள் இருவரும் நின்றோம்.  பிறகு அவள் கேட்டாள்:

"அங்கிள், உங்கடை ஊரிலை ஹான்ட்பால் ரீம் இருக்கோ?"

எனக்குப் பெரிய சந்தோசம். பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது. என் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் எடுத்துவிட்டேன். உள்ளரங்கம் இருக்கு, நீச்சல் தடாகம் இருக்கு, பாடசாலை சின்னது எண்டாலும் நல்லது, வகுப்பிலை பத்துப் பன்னிரண்டு பேர்தான், ரீச்சர்மார் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிப்பினம் என்று அடுக்கினேன். சொல்லச் சொல்ல அவள் முகம் இறங்கிக்கொண்டே போனது. தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"அங்கை வின்ரரிலை சூரியனே வராதாம். ரீ-பானா இல்லையாம். நான் நெற்றிலை பாத்தனான்," என்றாள். ரீ-பானா என்பது சுரங்க ரயில்.  "எனக்கு என்ர ஸ்கூலை விடேலாது. என்ர ரீம், என்ர பிரெண்ட்ஸ் எல்லாம் குரோருட்டிலைதான். அம்மா என்னட்டைக் கேக்கவே இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தகப்பனுடைய இடத்துக்கு ஒருவன் வருகிறானே என்ற கோபத்துக்குத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வதென்று விமானத்தில் மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். இவளுடைய பயம் வேறு. பெட்டி படுக்கையோடு தன்னை வடக்கே கொண்டுபோய் இருட்டுக்குள் இருத்தப் போகிறார்கள் என்று பயந்துகொண்டிருக்கிறாள். இவ்வளவு நேரமும் நான் அந்த இருட்டுக்கு விளம்பரம் செய்துகொண்டு நின்றிருக்கிறேன்.

யார் எங்கே போவது என்று யசிந்தாவும் நானும் எட்டு மாதத்தில் ஒரு முறையும் கதைத்ததில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்குப் பயம். நாற்பத்துமூன்று வயதில், மீன் மேசையில் படித்த நோர்வீஜிய மொழியோடு, இந்தப் பெரிய நகரத்தில் யார் வேலை தருவார்கள்? அந்தப் பயத்தை நான் பொத்திப் பொத்தி வைத்திருக்க, அது இந்தப் பிள்ளையின் தலையில் போய் ஏறியிருக்கிறது.

வரிசை இரண்டடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

"இல்லை," என்றேன். "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு இடமும் அசைய வேண்டாம். வாறதெண்டால் நான்தான் இஞ்சை வருவன்."

அவள் தொப்பியைத் தூக்கினாள். "ஸிக்கெர்ட்?" என்றாள். நிச்சயமா என்று அர்த்தம்.

"ஓம். நிச்சயம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாவுக்கு இன்னும் தெரியாது. முதல்லை உமக்குத்தான் சொல்லுறன்."

"வேலை?"

"பஸ் ஓடப் பழகலாம் எண்டு யோசிக்கிறன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குப் பஸ் ஓடத் தெரியுமோ?"

"தெரியாது. அதுதான் பழக வேணும்."

அவள் சிரித்தாள். பல்லில் கம்பி போட்டிருந்தாள். அதை அப்போதுதான் கண்டேன். மிச்ச அரைமணி நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. ஹான்ட்பாலில் அவள் இடது பக்கம் விளையாடுகிறாளாம். பயிற்சியாளர் சரியான கோபக்காரியாம். ஒருமுறை அவள் எறிந்த பந்து நடுவரின் மூக்கில் பட்டதாம். ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றரை நிமிடத்துக்கு உட்பட்ட விசயம்.  அவ்வளவுதான்.

12.30. இறங்கி வந்ததும் அனிற்றா எனக்கு முன்னால் ஓடிப்போய்த் தாயிடம் நோர்வீஜிய மொழியில் சொல்லிவிட்டாள்: "மம்மா, அவர் இங்கேதான் வரப் போகிறார். நாங்கள் போகத் தேவையில்லை."

யசிந்தா தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தார். மூடியைத் திரும்பவும் இறுக்கிப் பூட்டினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டியளோ? என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீங்களும் என்னட்டைக் கேக்கேல்லை," என்றாள் மகள்.

"நான் கேட்டால், நீங்கள் எனக்காக வேலையை விட்டிட்டு வந்த மாதிரி ஆகிடும்," என்றார் யசிந்தா என்னைப் பார்த்து. "பிறகு காலம் முழுக்க அந்தக் கடன் என்ர தலையிலை. அதுதான் வாய் திறக்கேல்லை."

"கடன் ஒண்டும் இல்லை," என்றேன். "எனக்கும் அந்த இருட்டுப் போதும்."

பாணும் சம்பலும் கட்லட்டும் கொண்டுவந்திருந்தார். பூங்காவுக்குள் ஒரு சொசேஜும் பாணும் 45 குரோணர், வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. அந்த வாங்கில் நாங்கள் மூவரும் சாப்பிட்ட அளவைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த நோர்வீஜியக் குடும்பம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. காலையில் குணம் வீட்டில் ஒரு கோப்பை தேநீர்கூட எனக்கு இறங்கவில்லை.

மாலை 5.20. "அங்கிள், ஆறு மணிக்குப் பூட்டிடுவினம்," என்று அனிற்றா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். சீட்டு யன்னலைத்தான் சொல்கிறாள். "நாளைக்கு மற்றதுக்கும் போவம்."

பணப்பையை எடுத்தேன். யசிந்தா தடுத்தார். "இண்டைக்கு நீங்கள் கட்டினீங்கள். நாளைக்கு என்ர முறை." 330 குரோணரைத் தானே கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. இரண்டாவது பூங்காவைப் பற்றி வாசகர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காசுக்கு அது பெறுமதி இல்லை. வானம் மூட்டம், காற்றில் பதினாறு பாகை, தண்ணீர் அதைவிடக் குளிர். மிக உயரமான சறுக்கு திருத்த வேலைக்காக மூடியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான குளம்தான் பெரிது. ஒரு மணிக்குள் எல்லாம் பார்த்து முடிந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று நினைத்து யாரும் சேர்த்து எடுக்க வேண்டாம். முதலாவதுக்கே ஒரு முழு நாள் வேண்டும். இரண்டு நாள் கையில் இருந்து, வெயில் நிச்சயம் என்றால் எடுக்கலாம். இல்லாவிட்டால் முதலில் ஒன்றை எடுத்துவிட்டுப் பின்னேரம் முடிவு செய்யுங்கள்.

நாங்கள் மூவரும் நீலம் பாரித்த உதடுகளோடு துவாய்களைச் சுற்றிக்கொண்டு சூடான சொக்கிலேட் குடித்தோம். "சரியான பிரயோசனமில்லாத இடம்," என்றார் யசிந்தா. "ஓம், டோர்லி," என்று அனிற்றா நோர்வீஜியச் சொல்லால் ஆமோதித்தாள். மோசம் என்று பொருள். சொல்லிவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் ஓடினாள்.

2.30. நகருக்குத் திரும்பும் பஸ். அனிற்றா ஈரத் தலையோடு முன் ஆசனத்தில் தூங்கிப்போனாள். யசிந்தா மெதுவாகச் சொன்னார்:

"ராத்திரி என்னட்டை ஒண்டு கேட்டவள். அங்கிள் வந்தால் எந்த அறையிலை இருப்பார் எண்டு."

என் காது சூடாகிவிட்டது. "நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"உன்ர அறையை எடுக்க மாட்டார் எண்டு சொன்னன். அப்ப சரி எண்டு படுத்திட்டாள்."

மத்திய நிலையத்தில் விடைபெற்றோம். அனிற்றா தூக்கக் கலக்கத்தில் கை கொடுத்தாள். அடுத்த முறை தன்னுடைய ஆட்டம் ஒன்றுக்கு வரச் சொன்னாள். செப்ரெம்பரில் தொடங்குகிறதாம். யசிந்தா ரயில் மேடை வரை வந்தார்.  பேச வேண்டியதன் பாரம் இல்லாமல் பக்கத்தில் நிற்பது எவ்வளவு இலேசான காரியம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாலை 8.45. போட்ஸ்ஃபியோர்ட். சூரியன் இன்னும் உயரத்தில்தான் நின்றது. மலைகளில் பனித் திட்டுகள் கரையாமல் கிடந்தன. விமான நிலைய டாக்சி ஓட்டுநரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். முன்பு எங்கள் தொழிற்சாலையில் இருந்தவர்.

"விடுமுறையோ?" என்று கேட்டார்.

"இல்லை. வீடு பார்க்கப் போனேன்," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் அப்படித்தான் வந்தது.

"ஒஸ்லோவிலா? கிடைத்ததா?"

"கிடைத்த மாதிரித்தான்."

"அங்கே விலை பயங்கரமாமே," என்றார்.

ஓம் என்றேன். வண்டி துறைமுகத்தைச் சுற்றிக் கீழே இறங்கியது. மீன் வாடை வந்தது. நான் யன்னலை மூடவில்லை.