அக்காவுக்குப் பசித்த நாள்

எல்லா உயிர்க்குள்ளும் ஒன்றாய் நின்று ஒளிரும் முருகப்பெருமான் திருவடிகளில் எங்கள் அக்காவை ஒப்படைத்து ஒரு மாதமாகிறது. இறுதிக் கிரியைக்கு வந்த உறவினர் சிலர், “கடைசியில அவங்களுக்கு நெனப்புத் தப்பிருச்சாமே” என்று என்னிடம் மெல்லக் கேட்டார்கள். உடனிருந்து கண்டவன் என்ற முறையில் அதற்கு மறுமொழியாகவே இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஹுன்னஸ்கிரிய மலைத் தோட்டமொன்றில். தாயார் இளமையிலேயே மறைந்துவிட, தம்பியாகிய என்னை வளர்த்தவர் அவரே. அத்தானைக் கைப்பிடித்துக் கெலிஓயாவுக்கு வந்தார். அத்தான் காலமானபின் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகளைப் படிக்கவைத்தார். அவருக்குப் பதிகம் பாடத் தெரியாது. நாங்கள் ஓதும்போது கண்மூடி நிற்பார். தெருவில் ஒரு பிள்ளை விழுந்தால் தன் முழங்காலைத் தடவிக்கொள்வார். அதை இரக்கம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். கட்டிலருகே யன்னல், அப்பால் அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் குசினி விறாந்தை. அங்கே பிள்ளைகள் உண்பதை, பனிக்குள் பார்ப்பவர்போல அக்கா பார்த்திருப்பார். மகள் தட்டை நீட்டினால், “இப்பத்தானே சாப்பிட்டேன். மீன் கொழம்பு. உப்புத்தான் கொஞ்சம் கூட” என்பார்.

அந்த வீட்டுத் தாயின் காதில் இது விழுந்தது. “உப்புக் கூடினது மெய்தான். அவக்கு எப்பிடித் தெரிஞ்ச?” என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் உடல் உருகிக்கொண்டிருந்தது. இனியும் உண்ணாவிட்டால் மூக்கில் குழாய் வைப்பதைத் தவிர வழியில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

“அக்கா, அது அவங்க வயிறு. இது ஒங்க வயிறு” என்று மன்றாடினேன்.

“எங்கடா கோடு கிழிச்சிருக்கு?” என்றார், விளையாட்டாக.

கந்தசஷ்டி வந்தது. நீர் மட்டும் அருந்தி விரதமிருந்த நான், உச்சிப் பூசை முடிந்ததும் அக்காவிடம் போனேன். வெளியே தூறல்; மலைகள் கரைந்து வானத்தோடு ஒன்றாகியிருந்தன. கட்டிலருகில் கதிரையைப் போட்டு மெல்ல ஓதினேன். சற்று நேரத்தில் குரல் என் தொண்டையை விட்டு விலகி, அறையே தனக்குள் ஓதிக்கொள்வது போலாயிற்று. அக்கா கண் திறந்தார்.

“பசிக்குதுடா.”

பல வாரங்களாக அந்த வீட்டில் எவரும் கேளாத சொல். மகள் கஞ்சியோடு ஓடிவந்தாள். ஒவ்வொரு கரண்டியையும் என் முகத்தைப் பார்த்தபடியே அக்கா விழுங்கினார்.

“போதுமா?” என்று என்னைக் கேட்டார்.

“நீங்கதானேக்கா சாப்பிடுறீங்க.”

“இன்னும் ரெண்டு வாய் வேணும் ஒனக்கு” என்று மீண்டும் வாய் திறந்தார்.

காலையிலிருந்து எரிந்த என் வயிறு அப்போது குளிர்ந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“மாமா, ஒங்க விரதம் முறிஞ்சுபோச்சு” என்றாள் மகள், அழுகையும் சிரிப்புமாக. “முறிஞ்சா முறியட்டும். நாளைக்கும் பட்டினியா வாங்க.”

அதன்பின் வீட்டில் எவருக்கேனும் பசியெடுத்தால் முதலில் அக்காவின் அருகில் போய் அமர்வது வழக்கமாயிற்று. “நாளைக்கு எனக்கு சுன்னத்து நோன்பு, நானா விரும்பிப் புடிக்கிறது. நான் வந்து குந்திக்கிறன்” என்று அடுத்த வீட்டுத் தாயும் முறை எடுத்துக்கொண்டார். குழாய் தேவைப்படவில்லை. மார்கழி விடியலொன்றில், உறக்கத்திலேயே, மூச்சு எங்கே நின்றதென்று தெரியாதபடி அக்கா அடங்கினார்.

இரண்டற்ற நிலையைப் போற்றும் பாடல்களை வாழ்நாளெல்லாம் ஓதியிருக்கிறேன்; ஆயினும் என் வயிற்றின் எல்லையை ஒருநாளும் ஐயுற்றதில்லை. அக்கா அந்தப் பாடல்களுக்குள் குடியிருந்தார். நினைவு தப்பியவர் என்று அவருக்காக எவரும் வருந்த வேண்டாம்.

நோன்போடு வந்தமர்ந்த அந்தத் தாய்க்கும், பொறுமை காத்த வைத்தியருக்கும், மழையில் பாடை சுமந்த கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இன்று முப்பத்தோராம் நாள் அன்னதானத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். பந்தியிலிருந்து எவரும் அரைவயிற்றோடு எழுந்துவிட வேண்டாம், அக்காவுக்குப் பசிக்கும்.