புள்ளிக்கோட்டை அழித்தது யார்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் குரலைத் தாழ்த்திப் போனில் பேசினால், என்னைப் பற்றித்தானோ என்று காதைத் தீட்டிக்கொள்வேன். இணையதள சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்தக் குணம் நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏற்காட்டில் நாங்கள் நாலைந்து பேர் மலை ஊர்களுக்காக விக்கி என்ற பொது இணையதளம் ஒன்று நடத்துகிறோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் ஏற்றலாம். காப்பிச் செடி நோய், பஸ் நேரம், பழைய வரைபடங்கள் எல்லாம் அதில் உண்டு. சர்வர் சின்னது. விக்கிப் பக்கத்தில் காட்டுவதற்காக ஒவ்வொரு படத்தையும் அது சிறிதாக்க வேண்டும். பெரிய படம் ஒன்று வந்தால் நினைவகம் நிரம்பி விக்கியே படுத்துவிடும்.

ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து இதைச் சரிசெய்தேன். படத்தைத் திறக்கும் முன்பே அகல உயரம் பார்ப்பது, சிறிதாக்கும் வேலையைத் தனியே ஒதுக்கி அதற்கு நேரமும் நினைவகமும் அளந்து கொடுப்பது, ஏற்றிய மூலப் படத்தில் யாரும் கைவைக்காமல் காப்பது என்று ஏகப்பட்ட பூட்டு. படம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் கடைசி வழி ஒன்றும் வைத்தேன். முழுவதையும் படிக்காமல், பத்து வரிக்கு ஒரு வரி, பத்துப் புள்ளிக்கு ஒரு புள்ளி என்று பொறுக்கி, எப்படியோ ஒரு சின்னப் படம் செய்துவிடும். அதன்பிறகு விக்கி ஒரு நாளும் படுக்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் தலைச்சோலையிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவருடைய காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடித் தடம் ஓர் எஸ்டேட் வழியாகப் போகிறது. எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியவர் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். பழம் பறிக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுற்று வழியில் மூட்டை சுமந்தால் பாதிப் பழம் செடியிலேயே காய்ந்துவிடும். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு, ஆதாரத்துக்காக விக்கியில் இருந்த பழைய எஸ்டேட் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார்.

“ஏனுங்க, அந்தப் படத்துல எங்க தடத்தையே காணோமுங்க. எஸ்டேட் ரைட்டரு வெச்சிருந்த காயிதத்துல நானே பாத்திருக்கறனுங்க. ஆரோ அழிச்சுப்போட்டாங்க.”

மலை எஸ்டேட் வரைபடங்களில் வண்டி போகும் வழிக்குத் தடித்த கோடு, ஆள் நடக்கும் தடத்துக்கு மெல்லிய புள்ளிக்கோடு. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் அப்படித்தான் வரைவார்கள். நான் பார்த்தேன். வண்டி வழிகள் பளிச்சென்று இருந்தன. அந்த அம்மாவின் தடம் இல்லை.

படத்தை ஏற்றியவர் அதே எஸ்டேட்டில் போன வருஷம் வரை ரைட்டராக இருந்தவர். இப்போது வெள்ளக்கடை என்ற ஊரில் இருக்கிறார். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கடைவீதியில் அதை ஸ்கேன் செய்து கொடுத்த ஜெராக்ஸ் கடை பாயிடம் விசாரித்தேன். “ரைட்டர் பக்கத்துலயே நின்னாருங்க. முத்திரை எழுத்துக்கூடத் தெரியோணும், இருக்கறதுலயே பெருசா எடுங்கன்னாரு,” என்றார். பக்கத்திலேயே எதற்கு நின்றார் என்று அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ரைட்டரின் விக்கிக் கணக்கை முடக்கினேன். படத்தின் தலையில் ‘இந்த வரைபடம் திருத்தப்பட்டது’ என்று எழுதினேன். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது நாலு பேர் முன்னால் கேட்டேன்: “யாருக்காக அழிச்சீங்க?”

“நானுங்களா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

அழித்த தடயத்தைப் பெரிதாக்கிக் காட்டி அவர் வாயை அடைக்க, மூலப் படத்தைத் திறந்தேன். புள்ளிக்கோடு இருந்தது. சின்னப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்த அம்மாவின் தடம் மட்டுமல்ல, மலையிலுள்ள ஒரு நடைத்தடமும் அதில் இல்லை. ஸ்கேன் அளவுக்கு மீறிப் பெரிது; பத்துக்கு ஒன்று பொறுக்கிய என் கடைசி வழி புள்ளிகளை எல்லாம் தாண்டிக் குதித்திருக்கிறது. ஊரையே சந்தேகப்பட்டவன், நான் எழுதிய புரோகிராமை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

அந்த அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அழிச்சது நீங்கதானுங்களா?” என்றார். “ஆமாங்க,” என்றேன்.

எல்லாப் புள்ளிகளையும் துண்டு துண்டாகப் படித்துச் சேர்க்கும்படி மாற்றினேன். அதுவும் முடியாத படத்துக்கு, ‘சிறிதாக்க முடியவில்லை’ என்ற வரி மட்டும் வரும். ஆனால் தாலுகா ஆபீஸ் விசாரணையில் எஸ்டேட் தரப்பு, வரைபடம் திருத்தப்பட்டது என்று நான் எழுதியதையே அச்செடுத்து நீட்டியது. நடந்ததை விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“உங்க மெஷின் இருக்கற கோட்டை அழிக்கும்னா, இல்லாத கோட்டைப் போடாதுன்னு நான் எப்படிங்க நம்பறது? காகிதம் இருந்தா கொண்டாங்க.”

காகிதம் ரைட்டரிடம் இருந்தது. வெள்ளக்கடைக்குப் போனேன். அவர் வாசலில் நின்றபடியே பேசினார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“நீங்க எழுதுனதைப் படிச்சுப்போட்டு எம்மகளே கேட்டுச்சுங்க, ஏனுங்கப்பா அழிச்சீங்கன்னு. உங்க கையில காயிதத்தைக் குடுக்க மாட்டனுங்க. அந்தம்மாகூட நானே வர்றேன்.”

அடுத்த விசாரணைக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். மேசையில் விரித்த வரைபடம் சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு மூலையைப் பிடிக்கலாமென்று கை நீட்டினேன்.

“நீங்க தொட வேண்டாமுங்க,” என்றார் ரைட்டர்.

அந்த அம்மா வந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி புள்ளிகளின் மேல் விரலை வைத்து, தலைச்சோலைப் பக்கம் வரை நகர்த்திக்கொண்டு போனார்.

பறிப்புக்கு முன்னால் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ‘தவறு என்னுடையது’ என்று படத்தின் தலையில் எழுதி, ரைட்டரின் கணக்கையும் விடுவித்தேன். அவர் இன்றுவரை விக்கிக்குள் வரவில்லை.