வெர்லீன் திருத்தாமல் விட்ட பத்தி

வெர்லீன் காடிஸுக்கு விட்ஃபீல்ட் ப்ரூயிட் மேல் வெறுப்பு கிடையாது. வெறுப்பதற்கு எதிராளியிடம் கொஞ்சமாவது சரக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இருபத்தாறு வருடம் ஒரு மனிதரின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியவளிடம் மிஞ்சியது இளக்காரம் மட்டும்தான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளுக்கு நடுவே கிடக்கும் டன்மோரில் ப்ரூயிட் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரு வாரப் பத்திரிகை நடத்தியது. தாத்தா ஆரம்பித்தார், அப்பா வளர்த்தார், விட்ஃபீல்ட் அதில் பத்தி எழுதினார். சரக்கு மூன்றே மூன்று; வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும். பணக்காரனுக்கு வரியைக் குறைத்தால் அவன் மேசையிலிருந்து சிந்துவதில் ஊரே வயிறு நிறையும். அரசாங்கம் மருத்துவக் காப்பீடு கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகி நாடு குட்டிச்சுவராகும். கறுப்பர் உரிமை விவகாரம் அறுபதுகளிலேயே பைசலாகிவிட்டது. இன்னும் அதைப் பேசுகிறவர்கள் அதை வைத்துப் பிழைப்பவர்கள்.

இந்த மூன்றாவதையும் கறுப்பினப் பெண்ணான வெர்லீன்தான் தன் விரலால் அடித்து, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்புவாள். ஓட்டுரிமைக்குப் பதியப் போன அவள் அம்மாவை மூன்று தடவை விரட்டிய கோர்ட்டு வாசல் அவள் மேசையருகே இருந்த சன்னலிலிருந்து நன்றாகவே தெரியும். அவள் அவரை 'மிஸ்டர் விட்ஃபீல்ட்' என்பாள். அவர் அவளை, ஐம்பத்தெட்டு வயதுக்காரியை, 'ஏய் வெர்லீன்' என்பார். பைசலான லட்சணம் அவ்வளவுதான்.

விட்ஃபீல்ட் ஆதரித்த கட்சிக்கு எதிர்க்கட்சி மேலும் அவளுக்குப் பெரிய மதிப்பில்லை. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒரு வேட்பாளர் சர்ச்சுக்கு வந்து, வறுத்த கெளுத்தி மீனைத் தின்று, பாட்டுக்குத் தாளம் தப்பிக் கைதட்டிவிட்டுப் போவார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவர்களுக்கே ஓட்டைப் போட்டுவிட்டு வருவாள்.

அவளுடைய தம்பி ரோஸ்கோவும் அதே பத்திரிகையில்தான் இருந்தான். வண்டியில் போய் வீடு வீடாகப் பேப்பர் போடுவான். மற்ற நாட்களில் புல் வெட்டுவான். சர்க்கரை வியாதிக்காரன். மத்திய அரசின் புதுக் காப்பீட்டுச் சட்டம் வந்ததும் அதற்கு எழுதிப் போட்டான். அரசுச் சலுகையில் காப்பீடு வாங்க உன் வருமானம் போதாது, ஏழைகளுக்கான திட்டத்துக்குப் போ என்றார்கள். அங்கே போனால், அந்தத் திட்டத்தை விரிவாக்க மத்திய அரசு கொடுத்த பணத்தை நம் மாநிலம் வேண்டாமென்று சொல்லிவிட்டது என்றார்கள். மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. ரோஸ்கோ இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டான். பாதத்தில் ஒரு கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, 2014 அக்டோபரில் முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விட்ஃபீல்டின் பத்தி வெர்லீன் மேசைக்கு வந்தது. "எங்கள் அலுவலகத்திலேயே ஒருவன். வாயைக் கட்டவில்லை, காலை இழந்தான். அதற்கு நீங்களும் நானும் ஏன் அழ வேண்டும்?"

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"மிஸ்டர் விட்ஃபீல்ட், இது ரோஸ்கோதானே?"

"பேரு எதுவும் எழுதலையே."

"இந்த ஆஃபீஸ்ல கால் போனவன் வேற யாரு?"

"இதோ பாரு வெர்லீன், அவனவன் உடம்புக்கு அவனவன்தான் பொறுப்பு. அதைத்தான் எழுதியிருக்கேன். உன் தம்பிங்கிறதுக்காக அங்க இங்க பூசி மெழுகிடாத. ஒரு எழுத்து மாறக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒரு எழுத்துகூட."

"சரிங்க" என்று வந்து உட்கார்ந்தாள். அவர் எழுதியதை எழுதியபடியே அடித்தாள்.

புதன்கிழமை பேப்பர் வெளியானது. அவர் தன் மொழியில் செய்த கூத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்: தொழிலதிபர்களுக்கு 'வரி விளக்கு' வேண்டும் என்றார். நாட்டின் 'அரசியல் ஆசனம்' ஆபத்தில் இருக்கிறது என்றார். 'தனிமனிதப் பொருப்பு' மறைந்துவிட்டதாகப் புலம்பினார். தொடங்கிய வாக்கியம் பாதி வழியில் எழுவாயைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று நின்றது. பள்ளி ஆசிரியை ஒருத்தி சிவப்பு மையால் நாற்பத்தொரு இடத்தில் வட்டம் போட்டு, முடிதிருத்தகக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். மூன்று தலைமுறையாக ப்ரூயிட்களுக்குத் தொப்பி தூக்கிய ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெள்ளைக்காரர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள்.

விட்ஃபீல்ட் முகம் பீட்ரூட்டாகி உள்ளே வந்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"நீங்க எழுதினதைப் போட்டேன்."

"பிழையெல்லாம் பார்க்க வேண்டியது யாரு?"

"நாந்தான். இருபத்தாறு வருஷமா பார்த்தேன். திங்கக்கிழமைதானே ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னீங்க? அவனவன் எழுத்துக்கு அவனவன்தானே பொறுப்பு, மிஸ்டர் விட்ஃபீல்ட்."

அன்றே வேலை போனது. வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்தபோது, வேண்டுமென்றே கெடுதல் செய்தவள், கொடுக்கக் கூடாது என்று விட்ஃபீல்ட் எதிர்மனு போட்டார். விசாரணை தொலைபேசியிலேயே நடந்தது. அதிகாரியம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, இந்தம்மா உங்க எழுத்துல எந்த வார்த்தையை மாத்தினாங்க?"

மறுமுனையில் விட்ஃபீல்ட் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் மாத்தலைன்னு எழுதிக்கலாமா?"

"அதானே பிரச்சினை! மாத்தியிருக்கணும்!"

"மாத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"அது... அந்த அர்த்தத்துல சொல்லலை."

வெர்லீனுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஊர் என்னவோ அப்படியேதான் இருந்தது. விட்ஃபீல்ட் தன் மருமகனைப் பிழை திருத்த வைத்துப் பத்தியைத் தொடர்ந்தார். மத்திய அரசு கொடுத்த காப்பீட்டுப் பணத்தை மாநிலம் மறுபடியும் வேண்டாமென்றது. வேண்டாமென்றவர்களே அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்கள். சிரித்த ஊர்தான் அவர்களுக்கு ஓட்டுப் போட்டது. சர்ச்சில் வசூலித்த பணத்தில் ரோஸ்கோவுக்கு ஒரு செயற்கைக் கால் வந்தது. அளவு சரியில்லாமல் அது பெரும்பாலும் மூலையிலேயே நின்றது.

எட்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊர் வக்கீல் ஒருவரிடம் வெர்லீனுக்கு வேலை கிடைத்தது, பத்திரிகையில் கிடைக்காத காப்பீட்டோடு. முதல் வாரமே ரத்தம் சோதித்தாள். அவளுக்கும் சர்க்கரை.

"இத்தனை வருஷம் ஏன்மா சோதிக்கவே இல்லை?" என்றார் டாக்டர்.

"சோதிச்சா தெரிஞ்சிடும். தெரிஞ்சா மருந்து வாங்கணும்" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் விட்ஃபீல்டுக்கு நெஞ்சுவலி. அதற்குள் அவருக்கு அறுபத்தைந்து நிறைந்துவிட்டதால், முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீட்டில் திறந்த இருதய அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்தவர், ஒரே மாதத்தில், அரசாங்கக் காப்பீடு நாட்டைக் கெடுக்கிறது என்று மறுபடியும் எழுதினார். ரோஸ்கோ அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலில் வந்து அக்காவுக்குப் படித்துக் காட்டினான்.

வெர்லீன் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நெஞ்சைத் திறந்து பார்த்தாங்களாமே," என்றாள், "உள்ள ஏதாச்சும் இருந்துச்சாமா?"