பிள்ளையாரிடம் கேட்ட கியர்பொக்ஸ்

பிள்ளையள், எங்கடை பிக்கப்புக்கு ஏன் நாலு கியர் மட்டும் என்று ஆரும் உங்களிடம் கேட்டால், இதை வாசிக்கக் கொடுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம். அதைத் திருத்த உங்கடை பெரியப்பா இருக்கிறார்.

பிக்கப் உங்களில் மூத்தவளைவிட வயது கூடியது. அதன் மூன்றாவது கியர் நிற்க மறுத்தது. போட்டால் அடுத்த மதகு வர முன்னம் 'டக்' என்று கழன்றுவிடும். சின்னவள், உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நீதான் இரண்டு கையாலும் கியர்த்தடியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். "அப்பா, இது என்னைத் தள்ளுது" என்று அழாத குறை. பிறகு ஒருநாள் உள்ளே கிரைண்டரில் கல்லைப் போட்டதுபோல ஒரு சத்தம். அதோடு தோட்டத்து வரம்பில் நின்றது நின்றதுதான். கயிறு கட்டித்தான் கராஜுக்கு இழுத்துப் போனோம்.

நின்ற நேரத்தைப் பாருங்கள். வெங்காயம் பிடுங்கிக் கிடந்தது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் அவ்வளவும் அழுகல். ஊரில் உள்ள லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் எல்லாம் அவரவர் வெங்காயத்தை இழுத்துக்கொண்டு ஓடின. ஆரிடமும் வாய் விட்டுக் கேட்க முடியாது. மழைக்கு முன்னம் ஒரு கியர்பொக்ஸ் வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை.

ஆனால் எங்கடை உடுப்பிட்டியில் ஒரு மனுசன் தன் வண்டிக்குத் தானே சாமான் வாங்கினால் அது ஊருக்குச் செய்த அவமரியாதை. பொம்பிளை பார்க்க நாலு பேர் வந்தால் போதும். கியர்பொக்ஸ் பார்க்க அதைவிடக் கூட வந்தார்கள். நான் போட்ட தேத்தண்ணியில் இரண்டு கியர்பொக்ஸ் கழுவியிருக்கலாம்.

தெரிவு இரண்டுதான். ஒன்று, கராஜ்காரர் வைத்திருந்த ஜப்பான் பெட்டி. அஞ்சு கியர். மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்து, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி மினுங்கிக்கொண்டு இருந்தது. எண்ணெய் எல்லாம் வடித்துக் கழுவித் துடைத்து வைத்திருந்தபடியால் அது முன்னம் எப்படி ஓடியது என்று அறிய வழியில்லை. மற்றது வல்வெட்டித்துறையில் கிடந்த ஒரு பிக்கப்பினுடையது. எங்கடை வண்டியின் அதே இனம், அதே நாலு கியர். மீன் ஏற்றி ஓடிய வண்டி. உடம்பெல்லாம் உப்பு தின்றுவிட்டது, கியர்பொக்ஸ் மட்டும் கிடக்கிறது என்றார்கள்.

கனடாவில் இருந்து உங்கடை மாமா வீடியோவில் வந்தார்.

"அத்தான், அஞ்சு கியரைப் போடுங்கோ. இந்தக் காலத்திலை ஆர் நாலு கியர் ஓடுறது?"

"நீ எத்தினை கியர் ஓடுறாய்?"

"நான் ஓட்டோமற்றிக் தானே அத்தான். கியர் மாத்திறேல்லை."

எங்கடை ஒழுங்கையில் அஞ்சாவது கியர் போட்டால் ஆரின்ரை கிணற்றுக்குள் நிப்பாட்டுவது என்று நான் கேட்கவில்லை. அதற்குள் பெரியப்பா தொடங்கிவிட்டார். கனடா மாமா அனுப்பிய போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அந்தப் போன் வந்த நாள் தொட்டு மாமா சொல்வது எதுவும் அவருக்குப் பிழையாகப் பட்டதில்லை.

"மீன் ஏத்தின வண்டியின்ரை சாமானை எங்கடை மரக்கறி வண்டியிலை பூட்டுறதோ? உனக்கென்ன விசரோடா?"

"அண்ணை, கியர்பொக்ஸுக்குள்ளை மீன் போறேல்லை. எண்ணெய்தான் நிக்கும்."

"உது உனக்கு விளங்காது. நாளைக்கு ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

குசினிக்குள் இருந்து உங்கடை அம்மாவின் குரல் வந்தது. "ஏன், ஜப்பான்காரர் என்ன கீரையும் வாழைப்பூவுமோ ஏத்தித் திரிஞ்சவை?"

பெரியப்பாவுக்கு அது கேட்கவில்லை. அந்தக் கிழமைதான் எங்கடை வீட்டில் அறக்குளா மீன் குழம்பில் முள்ளுகூட மிச்சம் விடாமல் சூப்பிப் போட்டுப் போனவர். மீன் எங்கள் வயிற்றுக்குள் போகலாம், வண்டிக்குக் கீழே போகக்கூடாது. பிள்ளையள், அவருக்கு மணந்தது மீன் இல்லை. அந்த வண்டியை ஓடின ஆக்கள் ஆர் என்பதுதான் மணந்தது. வாயால் சொன்னால் வெட்கம் என்றபடியால் மீனின் தலையில் போட்டார்.

கதை முடியவில்லை, தேத்தண்ணி முடிந்தது. கடைசியில் பெரியப்பா எழும்பி, "பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாப்பம்" என்றார். ஊரில் கலியாணத்துக்கும் பயணத்துக்கும் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ, இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமிக்கு முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. எடுத்த நிறம்தான் சாமியின் வாக்கு. கியர்பொக்ஸுக்குக் கேட்டது நாங்கள்தான் முதல் ஆக்களாக இருக்கும். அளவுநாடா சொல்ல வேண்டியதைப் பிள்ளையாரிடம் கேட்கப் போனோம்.

செவ்வரத்தை என்றால் ஜப்பான், நந்தியாவட்டை என்றால் மீன்வண்டி. வாழையிலையில் பூக்களைக் கட்டியது பெரியப்பா. "இதுக்கெல்லாம் ஒரு சுத்தம் வேணும்" என்று ஆரையும் கிட்ட விடவில்லை. சின்னவள், நீதான் எடுத்தாய். செவ்வரத்தை வந்தது.

"பாத்தியோ!" என்று பெரியப்பா போனை உயர்த்திப் பிடிக்க, கனடாவில் மாமா கைதட்டினார். எல்லோரும் இன்னொரு தேத்தண்ணிக்கு எங்கடை வீட்டை நோக்கி நடந்தார்கள். மற்றப் பொட்டலம் கோயிலிலேயே, சாமிக்கு முன்னால் கிடந்தது. சாமிக்கு வைத்த பூ ஆரின்ரையும் காலில் மிதிபடக்கூடாது என்று எடுத்தேன். நார் தளர்ந்து இலை விரிந்தது.

அதற்குள்ளும் செவ்வரத்தை.

சபையில் சொன்னால் அண்ணைக்கு மானம் போகும், எனக்கு அண்ணை போவார், வெங்காயம் மட்டும் போகாது. பூவைப் பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

விடிந்ததும் அளவுநாடாவோடு கராஜுக்குப் போனேன். ஜப்பான் பெட்டி எங்கடை பழையதைவிட ஒரு சாண் நீளம். பூட்டினால் கியர்த்தடி சீற்றுக்குள்ளால்தான் முளைக்கும்.

"அது பிரச்சினை இல்லை அண்ணை" என்றார் கராஜ்காரர். "சீற்றைப் பின்னுக்குத் தள்ளலாம். பின் சில்லுக்குப் போற சாஃப்டை வெட்டி ஒட்டலாம்."

"சீற்றுக்குப் பின்னாலை தகரம் எல்லோ இருக்கு?"

"தகரத்தையும் வெட்டலாம்."

"எத்தினை நாள் செல்லும்?"

அவர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அவரைவிடத் தெளிவாகப் பதில் சொன்னது.

அங்கிருந்து நேரே வல்வெட்டித்துறைக்குப் போனேன். அந்தப் பிக்கப்காரர் "நல்லாப் பாருங்கோ, பிறகு கதை வேண்டாம்" என்று நட்டுச்சாவியை என் கையில் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். கியர்பொக்ஸின் அடி நட்டைக் கழற்றி எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்தேன். கறுப்புத்தான், ஆனால் இரும்புத்தூள் மினுங்கவில்லை. நீளம் சரி. மூன்றாவது கியரைப் போட்டுத் தடியை ஆட்டினேன். கழன்று வரவில்லை. ஒருக்கால் மணந்தும் பார்த்தேன், பெரியப்பாவுக்காக. எண்ணெய் மணம்தான்.

அங்கேயே விலை பேசி எடுத்து வந்து, அன்று பின்னேரமே கராஜில் பூட்டியாயிற்று. கராஜ்காரருக்கு முகம் கொஞ்சம் நீண்டது, அவருடைய பெட்டியின் அளவுக்கு. வெங்காயம் ஒரு துளி நனையாமல் சந்தைக்குப் போனது. திரும்பி வரும்போதுதான் மழை கொட்டியது. சந்தையில் ஒருவரும் வெங்காயத்தை மணந்து பார்த்து "மீன்" என்று சொல்லவில்லை.

பெரியப்பா ஒரு கிழமை எங்கடை படலை திறக்கவில்லை. பிறகு கூப்பன் கடையில் இருந்து அரிசி மூட்டை ஏற்ற வேண்டி வந்ததும், "தம்பி, பிக்கப் நிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அம்மாதான் அடங்கவில்லை. ஜப்பான்காரரைப் பகிடி பண்ணினவளுக்கே பூ வந்த பிறகு பயம். "இஞ்சாருங்கோ, பிள்ளையார் சிவப்பெண்டு சொன்னவர். நீங்கள் மீறிப்போட்டியள். அவர் சம்மதிக்கும்வரைக்கும் என்ரை பிள்ளையளை உதிலை ஏத்த விடன்." உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே அண்ணை வீட்டுப் படலையில் நிற்பாள். அதனால் "சரி, திரும்பக் கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

அடுத்த நாள் விடிய, ஐயர் வர முன்னம், தனியக் கோயிலுக்குப் போனேன். வாழையிலையை இரண்டாகக் கிழித்தேன். இதிலும் ஒரு நந்தியாவட்டை, அதிலும் ஒரு நந்தியாவட்டை. அண்ணை கட்டிய மாதிரியே நாரால் இறுக்கிக் கட்டிப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் குட்டிக் கும்பிட்டு, முறை பிழைக்கக்கூடாது என்று கண்ணையும் மூடிக்கொண்டு, ஒன்றை எடுத்தேன்.